பினாங்கில் இருபத்தெட்டு நாள்

“அக்கரைச் சீமையில் ஒரு மாதம் தங்கிவிட்டு வரப்போகிறோம்” என்று நாமக்கல்லில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “பையன் அங்கே வேலையாய் இருக்கிறானா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். “இல்லை” என்றால், “பெண்ணுக்குப் பிரசவமா?” என்பது இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் கேட்டவர் முகத்தில் கவலை படரும். பையனும் இல்லை, பிரசவமும் இல்லை. பென்ஷன் பணத்தை நம்பி ஜீவிக்கிற இரண்டு பேர் எதற்காகப் பினாங்கில் போய் ஒரு மாதம் கிடக்க வேண்டும்?

எங்களுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று என் மனைவியுடையது.

என்னுடையது வெறும் கணக்கு. விமானச் சீட்டுக்கு ஆகிற பணம் நாலு நாள் தங்கினாலும் ஒன்றுதான், நாற்பது நாள் தங்கினாலும் ஒன்றுதான். நாலு நாள் போகிறவன் ஓட்டலுக்கும் டாக்சிக்கும் வாரி இறைத்துவிட்டு, பார்த்ததில் பாதியை மறந்துவிட்டு வருகிறான். மாதக் கணக்கில் தங்குகிறவனுக்கோ வாடகை குறைகிறது. கடைக்காரர் முகம் பழகுகிறது. செலவும் ஊர்க்காரர்கள் செலவை ஒட்டியே நடக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம் என்று மலேசிய அரசாங்கம் அனுமதித்தது. 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டது. முப்பது நாள் கொடுக்கிறவர்களிடம் நாலு நாள் போதும் என்று சொல்வானேன்?

மனைவியின் காரணம் வேறு. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அதற்கு ஊரில் ‘மலேயாக் காடு’ என்று பெயர். அவளுடைய தாத்தாவின் தம்பி, கிணறெல்லாம் வற்றிப்போன ஒரு வருஷத்தில், கங்காணி ஒருவன் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். அவர் அனுப்பிய மணியார்டர் பணத்தில் வாங்கிய காடு அது. அந்தக் காட்டு வருமானத்தில்தான் என் மாமனார் படித்தார். 1941 வரை கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

“அவரு வாங்கிக் கொடுத்த காட்டுச் சோத்தைத்தானுங்க நாங்க சாப்பிட்டு வளர்ந்தோம். அவரு இருந்த மண்ணை ஒருதரம் மிதிச்சுட்டு வரோணும்” என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

படகில் ஒரு பிரவேசம்

2025 பிப்ரவரி 3-ம் தேதி பினாங்கு போய்ச் சேர்ந்தோம். சீனப் புத்தாண்டு ஜனவரி 29-ல் முடிந்திருந்தது. வாடகை சற்று இறங்குகிற சமயம். தைப்பூசம் பிப்ரவரி 11. இரண்டையும் யோசித்துத்தான் நாள் குறித்தோம்.

நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி விமான நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் இன்னொரு நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். ரயிலடியிலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். பினாங்கு ஒரு தீவு. 1985-ல் திறந்த பாலம் ஒன்றும், 2014-ல் திறந்த பாலம் ஒன்றும் அதை மலேசியத் தரையோடு இணைக்கின்றன. ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் படகில்தான் போக வேண்டும் என்பேன். கால் மணி நேரத்துக் கடல், சொற்பக் கட்டணம், எதிரே ஜார்ஜ் டவுன் நகரம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வரும்.

படகில் நின்றபோது பழைய கப்பல்களைப் பற்றி மனைவிக்குச் சொன்னேன். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரப் பிரயாணம். 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ என்ற கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. மேல்தளத்துப் பிரயாணிகள் ஆயிரக்கணக்கில் பாய் விரித்துப் படுத்துவந்த கப்பல். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது; அத்தோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிந்துபோயிற்று. தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் கரையிறங்கியதும் நேரே வேலைக்குப் போய்விடவும் முடியாது. பக்கத்திலுள்ள ஜெரஜாக் என்ற சிறு தீவில், தொற்றுநோய் இல்லை என்று தெரிகிற வரையில் காவலில் இருக்க வேண்டும்.

“நமக்கு ஒரு முத்திரை குத்தறதோட முடிஞ்சு போச்சுங்களே!” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு படகு கரை சேருகிற வரையில் பேசவில்லை.

ஜாகை

ஜார்ஜ் டவுனை 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் ஸ்தாபித்தார். 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. கீழே கடை, மேலே வீடு என்று நெருக்கமாகக் கட்டிய கட்டடங்கள்தான் இந்த ஊருக்கு அடையாளம். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் தெருவோரமாக ஐந்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. வெயிலானாலும் மழையானாலும் அதிலேயே நடந்து போய்விடலாம். நம் பக்கத்துத் திண்ணைகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாற்போல் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஜாகை. மின்விசிறி, கட்டில், ஜன்னல். கீழே எல்லோருக்கும் பொதுவான அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும். தினசரி வாடகை 60 ரிங்கிட் என்றார்கள். மாதமாகத் தங்குகிறோம் என்றதும் 1,150-க்கு இறங்கினார்கள். அப்போது ஒரு ரிங்கிட் நம் பணத்தில் ஏறக்குறைய இருபது ரூபாய். அங்குள்ள தமிழர்கள் அதை ‘வெள்ளி’ என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். வெளிநாட்டார் தங்கும் அறைக்கு இரவு ஒன்றுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி உண்டு. வாடகை பேசும்போதே அது சேர்ந்ததா, தனியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருபத்தெட்டு இரவுக்கு 280 வெள்ளி ஆகிவிடுகிறது, பாருங்கள்.

“பசியாறிட்டீங்களா?”

முதல் நாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனோம். காய்கறிக் கடை அம்மாள், “பசியாறிட்டீங்களா, அம்மா?” என்றார். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். நாம் இங்கே ‘டிபன்’ ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கடல் கடந்து போனவர்கள் நல்ல தமிழ்ச் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

லிட்டில் இந்தியா என்று சொல்லும் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கின்றன. காலையில் வெளியே இரண்டரை வெள்ளிக்கு ஒரு தோசை, இரண்டு வெள்ளிக்கு நுரை பொங்க ஆற்றிய தேநீர். மத்தியானம் பெரும்பாலும் வீட்டிலேயே சோறும் ரசமும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒன்பது வெள்ளிக்கு வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் சீனர் கடையில் ஒருநாள், மலாய்க்காரர் கடையில் ஒருநாள். ‘நாசி கண்டார்’ என்ற பெயரைக் கேட்டு மனைவி முதலில் தயங்கினாள். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. தமிழ் முஸ்லிம்கள் அந்தத் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு, இன்று ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இந்த விவரம் தெரிந்த பிறகு அவள் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினாள்.

சிக்கனம் என்றால் வயிற்றைக் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் ஒருநாளும் பசியோடு படுக்கவில்லை. நகருக்குள் சுற்ற இலவசப் பஸ் இருக்கிறது. 1884-ல் தொடங்கிய தாவரத் தோட்டத்துக்குக் கட்டணமே கிடையாது. பினாங்கு மலைக்கு 1923 முதல் கம்பி இழுக்கும் ரயில் ஓடுகிறது. வெளிநாட்டாருக்குக் கட்டணம் சற்று அதிகம். தாவரத் தோட்டத்தருகிலிருந்து மலையுச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதில் நடக்கக் காசு கேட்பவர் இல்லை. ஏற்காட்டு உயரத்தில் பாதிதான். விடியற்காலையில் ஏறத் தொடங்கி, வழியெல்லாம் சீனக் கிழவர்கள் கையசைத்து உற்சாகம் சொல்ல, பத்து மணிக்கு உச்சியில் காப்பி குடித்தோம்.

கரும்பும் தேங்காயும்

நாங்கள் போன மூன்றாம் நாள், பிப்ரவரி 5-ம் தேதி இரவு, தெருவில் கட்டுக்கட்டாகக் கரும்பு போய்க்கொண்டிருந்தது. மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்குப் போகிற வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது என்னவோ போலிருந்தது. பின்னோடு நடந்தோம்.

கடலோரத்தில், தண்ணீரில் கால் நட்டுப் பலகை பரப்பி, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டு சீனர்கள் குடியிருக்கிறார்கள். ஒரே குலத்தார் ஒரு துறையில். அங்கே வீட்டு வாசல்தோறும், நாம் பொங்கலுக்குக் கட்டுவதுபோல, தோகையோடு கரும்பு கட்டியிருந்தது. புத்தாண்டின் ஒன்பதாம் நாள் அவர்களுடைய வானுலக அரசருக்குப் பிறந்தநாள். முற்காலத்தில் எதிரிகள் துரத்தியபோது ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் தப்பினார்களாம். வெளியே வந்த நாள் அந்த ஒன்பதாம் நாளாம். அன்றிலிருந்து கரும்பு அவர்களுக்குத் தெய்வம். நள்ளிரவில் வெடி அதிர்ந்தது. ஒரு பாட்டி மனைவியின் கையில் ஆரஞ்சுப் பழம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தைப்பூசம். 1894-ல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்த வெள்ளி ரதத்தில் முருகன் நகரத்திலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்பட்டார். ரதம் வருகிற பாதையில் தேங்காய்கள் மலை மலையாகக் குவிந்திருந்தன. உடைத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்! தெருவே இளநீரில் நனைந்து கிடந்தது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். சோறு, மோர், பலகாரம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் எங்கள் சாப்பாட்டுக் கணக்கில் பூஜ்யம். தண்ணீர்மலை உச்சியில் 2012-ல் கட்டி முடித்த பெரிய கோவிலுக்கு 513 படிகள். ஏறி முடித்தபோது கீழே நகரமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன.

“அந்தப் பக்கந்தானுங்களே பட்டர்வொர்த்?” என்று கேட்டாள் மனைவி.

ஜாவா அரிசி

ஒருநாள் மாலை ஒரு கடையில் சின்னக் கிண்ணத்தில் ஏதோ இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். பளிங்கு மணிபோல் ஜவ்வரிசி, அதன்மேல் தேங்காய்ப்பால், அதற்கும் மேல் கருப்பட்டிப் பாகு.

“நம்மூரு ஜவ்வரிசி!” என்றாள்.

நம்மூர் ஜவ்வரிசிக்கு இதுதான் மூத்தது என்று சொன்னேன். தென்கிழக்கு ஆசியாவில் சேகோ என்று ஒருவகைப் பனை உண்டு. அதன் தண்டிலுள்ள மாவில் செய்வதுதான் அசல் சேகோ. ஜாவா பக்கத்திலிருந்து வந்ததால் ‘ஜாவா அரிசி’, அதுவே ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்துக்கொண்டபோது அந்த வரத்து நின்றுவிட்டது. அப்போது, 1943 வாக்கில், சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்தில் இன்று சேகோ ஆலைகள் நிறைந்திருப்பதற்கு அதுதான் ஆரம்பம்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மலேயாக் காட்டில் இப்போது விளைவது குச்சிக்கிழங்குதான். சேகோ ஆலைக்குத்தான் லாரியில் போகிறது. எந்த யுத்தம் மலேயாத் தாத்தாவின் கடிதத்தை நிறுத்தியதோ, அதே யுத்தம் அவர் வாங்கிக் கொடுத்த காட்டுக்கு ஒரு வெள்ளாமையைத் தேடிக் கொடுத்திருக்கிறது!

அக்கரையில் ஒரு மாரியம்மன்

மூன்றாவது வாரத்தில் மறுபடியும் படகேறிப் பட்டர்வொர்த் போனோம். கையில் தோட்டத்தின் பெயர்கூடச் சரியாக இல்லை. தாத்தா வீட்டில் வாய்மொழியாய் வந்த ஒரு பெயர், வெள்ளைக்காரன் பெயராக இருந்து தமிழ் வாயில் தேய்ந்துபோனது. பஸ்ஸில் போய் விசாரித்தோம். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ப் பனை வந்திருக்கிறது. எண்ணெய்ப் பனையும் போய்ப் பல இடங்களில் தொழிற்சாலையும் வீடுகளும் வந்திருக்கின்றன. தோட்டம் போன இடத்திலும் போகாமல் நின்றது ஒரு சிறிய மாரியம்மன் கோவில். சேலத்தில் கோட்டை மாரியம்மனை நம்பி வாழ்ந்தவர்கள், கப்பலேறும்போது அவளையும் மனசில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கோவிலில் வயதான அம்மாள் ஒருவர் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். நாமக்கல் என்றேன்.

“நாமக்கல்லா? முட்டை ஊரு!” என்றார். 2022 கடைசியில் மலேசியாவில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல்லிலிருந்து முட்டை போயிற்றல்லவா? கோட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் கிடைக்காத புகழ் முட்டைக்குக் கிடைத்துவிட்டது!

“எங்க தாத்தாவும் சேலம் ஜில்லாதான்” என்றார் பிறகு. “சேலம்னு தெரியும். கிராமம் எதுன்னு தெரியாதும்மா. கேக்கிறதுக்குள்ளே அவரு போயிட்டாரு.”

மனைவி தன் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போயிருப்பாங்க. எங்க பெரியப்பாவும் அப்படித்தான் போனாரு. யாரு கணக்கு வச்சாங்க?” என்றார்.

1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பட்டினியிலும் காலராவிலும் அங்கே மாண்டவர்கள் ஏராளம். போர்க் கைதிகளாக வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை.

மலேயாத் தாத்தா அந்த ரயிலுக்குப் போனாரா, தோட்டத்திலேயே மாண்டாரா, வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்து தீர்த்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. மனைவி நெய்விளக்கு ஒன்று ஏற்றினாள். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் பூசாரி. அவர் பெயரைச் சொன்னாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த மண்ணில் உரக்க ஒலித்தது.

வெள்ளிக்கிழமை தம் வீட்டில் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றார் அந்த அம்மாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. இதுதான் மாதக் கணக்கில் தங்குவதன் அனுகூலம். நாலு நாள் வந்தவனை யாரும் அடுத்த வாரம் வா என்று சொல்வதில்லை.

கணக்கு

வாசகர்களில் சிலராவது யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் செலவை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அறை வாடகை 1,150 வெள்ளி. வரி 280. சாப்பாடு 840. ரயில், பஸ், படகு 400. சில்லறைச் செலவும் கோவில் செலவும் 230. ஆக 2,900 வெள்ளி. நம் பணத்தில் சுமார் 58,000 ரூபாய். விமானச் சீட்டு இருவருக்கும் போகவர 36,000. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் அடங்கிற்று.

வயதானவர்கள் போவதானால் ஒரு மாதத்துக்கு வேண்டிய மருந்தும் வைத்தியர் சீட்டும் கையோடு கொண்டுபோங்கள். பினாங்கு வெயில் சேலத்து வெயிலுக்கு இளைத்ததல்ல. நடுப்பகலில் அறையில் படுத்துவிட்டு நாலு மணிக்குமேல் நடமாடுங்கள். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட அவசரப்படாதீர்கள். ஒரே கடையில் நாலு நாள் தேநீர் குடியுங்கள். ஐந்தாம் நாள் ஊரே பேச ஆரம்பிக்கும்.

மார்ச் 3-ம் தேதி புறப்படும்போது அந்தப் பூக்கார அம்மாள் படகுத்துறை வரையில் வந்தார். திரும்பி வரும்போது தமக்கு ஒன்றும் வேண்டாம் என்றும், சேலம் ஜில்லாவில் அவர் தாத்தாவின் பெயருள்ள குடும்பம் எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரித்து எழுதினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். மனைவி ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஒரு கிராமமாகப் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பஸ் செலவு அதிகமில்லை.